ஊனம் எப்போது ஏற்பட்டது?

— டாக்டர், சட்டையை மாட்டிக்கலாமா? குளிருது.

— மாட்டு, மாட்டு! சீக்கிரம் மாட்டித் தொலை. யோவ் டன்லெவி! சார்ஜெண்ட்! உள்ளே வா. கூடாரத் துணியை நல்லா இழுத்து விட்டுட்டு வா. வெளியே யாரு நிக்கறாங்க?

— நம்ம பசங்கதான் டாக்டர். மூட்டை கட்டிக்கிட்டு இருக்காங்க. பன்னெண்டு மணிக்கு நடையைக் கட்டணுமே. மெர்ரிக்கோட காயம் ஆறிடுச்சுன்னு சொன்னீங்களே. அவனையும் கூட்டிக்கிட்டுப் போலாமில்ல?

— அவன் இல்லை டன்லெவி. அவ.

— எவ?

— இதோ நிக்கறாளே, உன் கம்பெனிச் சிப்பாய் லைமன் மெர்ரிக். பொம்பளை.

— காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டீங்களா டாக்டர்?

— கேட்டுக்கோ. விலாவுல குண்டு உரசின காயம் ஆறிடுச்சான்னு பார்க்கறதுக்காகச் சட்டையைக் கழட்டச் சொன்னேன். மாட்டேன்னா. நானே கட்டை அவிழ்த்தேன். காயத்துக்குக் கட்டின கட்டு ஒண்ணு. அதுக்கு மேல இன்னொரு கட்டு. அங்கே காயமே இல்லை.

— டேய் மெர்ரிக், டாக்டர் என்னடா சொல்றாரு?

— சரியாத்தான் சொல்றாரு சார்ஜெண்ட்.

— மாதா சத்தியமா?

— மாதா சத்தியமா.

— அடப்பாவி! ரெண்டு வருஷமா என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டியேடா!

— குறட்டை விட்டது நீங்க. நான் முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

— உன் முன்னாடி என்னென்ன அசிங்கமெல்லாம் பேசியிருக்கேன்!

— பாதி நான் சொல்லிக் குடுத்ததுதான்.

— சிரிக்காதே! உன்னை நான்... ஏம்மா... டேய்... அட, இப்ப உன்னை எப்படித்தான் கூப்பிடறது? நிஜப் பேரு என்ன?

— ஆர்ஃபா. வீட்டுல யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நீங்க மெர்ரிக்னே கூப்பிடுங்க. அது எங்க குடும்பப் பேருதான், பொய்யில்லை.

— டன்லெவி, உன் கொஞ்சலை அப்புறம் வெச்சுக்கோ. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

— எனக்கு இப்பத்தான் தெரியும் டாக்டர். நான் யார்கிட்ட சொல்ல? ஒஹாயோ படை முழுக்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். "டன்லெவி கம்பெனியில பொம்பளை மீசை முறுக்கினா"ன்னு பாட்டுக் கட்டிப் பாடுவாங்க. எனக்கு எதுவும் வேணாம். எங்கே கையெழுத்துப் போடணும்? போட்டுட்டு ஓடறேன்.

— அப்படி வா வழிக்கு. கேப்டன் ஒன்பது நாளைக்கு முன்னாடி ஆத்துப்பாலத்துச் சண்டையில போயிட்டாரு, லெப்டினன்ட் காய்ச்சல்ல கிடக்காரு, கம்பெனி சார்புல நீதான் போடணும். இந்தா, படையை விட்டு அனுப்பற விடுவிப்புத் தாள். பன்னெண்டு மணிக்கு வடக்கே போற வண்டியில இவளை ஏத்திடறேன். சலவைக்கார அம்மாகிட்ட ஒரு கவுனும் வாங்கி வெச்சிருக்கேன்.

— கவுனா? டாக்டர், அது ரெண்டு ஆள் போடற கவுன்.

— இடுப்புல கயிறு கட்டிக்கோ.

— தடுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டேன்னா?

— உடைச்சுக்கோ. அப்ப நீ என் பொறுப்பு இல்லை. வாயை மூடிக்கிட்டு நில்லு, எழுதறேன். பேர், லைமன் மெர்ரிக். வயசு?

— இருபத்திரெண்டு.

— சேரும்போது இருபதுன்னு சொன்னே, சரி. தொழில்?

— உழவு.

— "மேற்படி நபரைக் கவனமாகப் பரிசோதித்ததில், கீழ்க்கண்ட ஊனத்தால் படைவீரர் பணிக்குத் தகுதியற்றவர் எனக் கண்டேன்." ஊனம்... பெண். முடிஞ்சுது.

— என்ன எழுதினீங்க?

— ஊனம்: பெண்.

— அது ஊனமா டாக்டர்?

— படையில நிக்க முடியாம பண்ற எதுவும் ஊனம்தான். காலு இல்லைன்னா ஊனம், கண்ணு இல்லைன்னா ஊனம்.

— எனக்குக் காலும் இருக்கு, கண்ணும் இருக்கு. கூடத்தானே இருக்கு, எதுவும் குறையலையே?

— டன்லெவி, இவளைப் பேசாம இருக்கச் சொல்லு.

— ரெண்டு வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன் டாக்டர். கேக்காது.

— சரி, எழுதிட்டீங்க. அடுத்த வரியையும் நிரப்புங்க.

— எந்த வரி?

— அதுக்குக் கீழே அச்சடிச்சிருக்கே. "ஊனம் எப்போது, எங்கே, எப்படி ஏற்பட்டது?"

— உனக்கு எப்படித் தெரியும்?

— போன குளிர்காலத்துல, விரல் போனவன் காலு போனவன் அத்தனை பேருக்கும் உங்க பக்கத்துல உக்காந்து இந்தத் தாளை நிரப்பினது யாரு? "மெர்ரிக் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, அவனைக் கூப்பிடு"ன்னு ஆள் அனுப்பினீங்களே. வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். சொல்லுங்க டாக்டர். எப்போ ஏற்பட்டது?

— பொறந்தப்போ ஏற்பட்டது!

— எழுதுங்க.

— எழுதறேன்! "படையில் சேர்வதற்கு..." ம்.

— ஏன் டாக்டர் பேனாவை வெச்சுட்டீங்க?

— நீ சும்மா இரு டன்லெவி.

— நான் சொல்றேன் சார்ஜெண்ட். சேர்றதுக்கு முன்னாடியே ஊனம் இருந்ததுன்னா, அப்பப் பரிசோதிச்ச டாக்டர் யாருன்னு மேலிடத்துல கேப்பாங்க. எங்க ஊர் முகாம்ல என்னைச் சேர்த்துக்கிட்ட தாள்ல ஒரு டாக்டர் எழுதியிருக்காரு: "உடைகளை முழுவதும் களையச் செய்து பரிசோதித்தேன். உடலில் எந்தக் குறையும் இல்லை." கீழே கையெழுத்து, ஈ. பீஸ்லி.

— ஈ. பீஸ்லின்னா... டாக்டர், நீங்களேதானே?

— அன்னைக்கு முன்னூறு பேருய்யா! மத்தியானத்துக்குள்ள முன்னூறு பேர்! வரிசை தெருக்கோடி வரைக்கும் நின்னுது. ஒவ்வொருத்தன் துணியையும் அவுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா, வடக்குக்கும் தெற்குக்கும் நடக்கற இந்தப் போரே முடிஞ்சிருக்கும்!

— என்கிட்ட என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா? "பல்லைக் காட்டு"ன்னீங்க. காட்டினேன். "விரலை மடக்கு"ன்னீங்க. மடக்கினேன். "அடுத்தவன்"னீங்க.

— தோட்டாக் காகிதத்தைக் கடிச்சுக் கிழிக்கப் பல்லு வேணும், விசையை இழுக்க விரல் வேணும். வேற என்ன வேணும் சிப்பாய்க்கு?

— அதையேதான் நானும் சொல்றேன் டாக்டர். வேற என்ன வேணும்?

— டாக்டர், எனக்கும் அப்படித்தான் பார்த்தீங்க. கோட்டுப் பொத்தானைக்கூட அவுக்கச் சொல்லலை. ஆனா ஒண்ணு, நான் ஆம்பளைதான். வேணும்னா...

— வேணாம் டன்லெவி! கை வைக்காதே பொத்தான்ல! யோசிக்க விடு. சரி. "பணியின்போது ஏற்பட்டது."

— பணியின்போதா? எங்கே வெச்சு?

— அந்த ஆத்துப்பாலத்துச் சண்டையில.

— ஐயோ டாக்டர், அப்படி எழுதினா பசங்க மிரண்டுடுவாங்க. ஏற்கெனவே நமக்குப் போடற அந்தக் கல்லு மாதிரி பிஸ்கட்டைத் தின்னா என்னென்னமோ ஆகும்னு பேசிக்கறாங்க. நாளைக்கு ஒவ்வொருத்தனும் காலையில எந்திரிச்சுத் தன்னைத் தடவிப் பார்த்துப்பான்.

— உனக்கு இது சிரிப்பா இருக்கா? என் தலை போற விஷயம்! பொம்பளையைப் படையில சேர்த்தவன்னு என் தோள்ல இருக்கற பதவிப் பட்டையைப் பிடுங்கிட்டு அனுப்புவாங்க. ஊர்ல ஒரு குதிரைக்குக்கூட என்கிட்ட வைத்தியம் பார்க்க மாட்டான். தாளே வேணாம். கவுனை மாட்டிக்கோ, வண்டியில ஏறு, போயிடு.

— தாள் இல்லாமயா?

— இல்லாமத்தான்.

— அது ஆகாது டாக்டர். சாயங்காலம் பேர் கூப்பிடும்போது ஒரு தலை குறையும். நான் என்ன எழுதறது? ஓடிப்போனவன்னு எழுதணும். பிடிச்சா சுவரோரமா நிக்க வெச்சுச் சுடுவாங்க.

— அப்படி எழுதறதா இருந்தா இங்கேயே சுட்டுடுங்க சார்ஜெண்ட். நான் ஓடலை. ஒரு நாளும் ஓடலை.

— தெரியும்டா. தெரியும்... இரு. ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. யாரு பின்னால வந்தே? புருஷனா? கட்டிக்கப் போறவனா? நம்ம கம்பெனியிலயா இருக்கான்?

— யாரு பின்னாலயும் வரலை. உங்களுக்கே தெரியும், நான் எப்பவும் முன்வரிசைதான்.

— பின்னே எதுக்கு வந்தே?

— எங்க வீட்டுல ரெண்டு அண்ணனுங்க. வயல் பக்கமே வரமாட்டாங்க. கலப்பை பிடிச்சது நான். மரம் வெட்டி, வேலி போட்டு, கன்னுக்குட்டி வயித்துக்குள்ள திரும்பிக்கிட்டா கையை விட்டு இழுத்தது நான். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, "நிலம் அருமையா உழுதிருக்கே"ன்னு சொன்னா, எங்கப்பா, "ஆமா, என் பசங்க உழுதாங்க"ன்னுவாரு. நான் அங்கேயேதான் நிப்பேன், காபிப் பாத்திரத்தோட. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை. பத்து வருஷம். இங்கே வந்து முதல் வாரத்துல, சேத்துல மாட்டின பீரங்கி வண்டியை நெம்பித் தூக்கினேன். நீங்க கத்துனீங்க: "யாருடா தூக்கினது?" "மெர்ரிக்"னு நாலு பேர் சொன்னாங்க. நீங்க உங்க புகையிலையில பாதியைக் கிள்ளிக் குடுத்தீங்க. எனக்கு அழுகை வந்துது சார்ஜெண்ட். புகையிலைக் காரம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

— ஞாபகம் இருக்கு. முதல் தடவை போல இருக்கு, பச்சப்புள்ளன்னு நினைச்சேன்.

— அதுக்காகத்தான் வந்தேன். செஞ்சதை நான் செஞ்சேன்னு யாராவது சொல்ற இடம் வேணும். பன்னெண்டு மணிக்கு நீங்க கிளம்பறீங்க. நானும் வரணும். வேற எதுவும் வேணாம் எனக்கு.

— உருக்கமாத்தான் இருக்கு. ஆனா அது நடக்காது, கேட்டுக்கோ. டன்லெவி, எனக்கு வழி கிடைச்சிடுச்சு.

— என்ன வழி டாக்டர்?

— லைமன் மெர்ரிக்குன்னு ஒருத்தனை நான் பரிசோதிச்சேன். நல்ல ஆம்பளை. ஆத்துப்பாலத்துல செத்துட்டான். அவன் கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டு முகாமுக்குள்ள ஒரு பொம்பளை புகுந்துட்டா. ஒன்பது நாளா இருந்தா. எதுக்கு இருந்தாள்னு கேட்டா... சிப்பாய் கூடாரத்துல பொம்பளை எதுக்கு இருப்பா? உலகத்துக்கே தெரியும். நீ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும், பசங்க சந்தோஷத்துக்கு வந்தவள்னு. யாருக்கும் பழி இல்லை.

— யாருக்கும் பழி இல்லையா?

— எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

— இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், பீரங்கிப் பக்கத்துல நின்னு நின்னு. பசங்க எதுக்கு?

— டன்லெவி, சும்மா ஒரு வார்த்தைதானே...

— மாதா சத்தியமா சொல்றேன், நீங்க மட்டும் டாக்டரா இல்லாம இருந்தா, இந்நேரம் உங்க பல்லை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். என் கேப்டன் பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தாரு. எவனும் போகலை. நானும் போகலை, ஒத்துக்கறேன். இந்த மெர்ரிக் போனா. இருநூறு பவுண்டு ஆளை முதுகுல போட்டுக்கிட்டு வந்தா, விலாவுல ரத்தம் ஒழுக ஒழுக. கேப்டன் என் மடியிலதான் உயிரை விட்டாரு. விடறதுக்கு முன்னாடி, "மெர்ரிக்குக்குத் தண்ணி குடுங்கய்யா"ன்னாரு. அவரு கடைசி வார்த்தை அது. அந்தப் பேரைத்தான் நான் செத்தவன்னு எழுதணுமா? செத்தவன் சட்டையைத் திருடினவ, கூடாரத்துக்குக் கூடாரம் போனவள்னு எழுதணுமா? அப்புறம் நான் கேப்டன் சம்சாரத்துக்கு எந்த முகத்தோட கடுதாசி போடுவேன்?

— கத்தாதே, வெளியே கேக்கும்.

— கேக்கட்டும்!

— சார்ஜெண்ட், மேஜையைக் குத்தாதீங்க. மருந்துக் கிண்ணம் உடையுது.

— உடையட்டும்! அந்தப் பசங்கள்ல பாதிப் பேரோட அம்மாவுக்குக் கடுதாசி எழுதிக் குடுத்தது இவ. எவனும் இவகிட்ட விரலை நீட்டலை. நீட்ட அவனுங்களுக்குத் தோணவும் இல்லை. தாளைக் குடுங்க. நான் நிரப்ப வேண்டிய வரி எது?

— இது. "கடந்த இரண்டு மாதங்களில் எத்தனை நாள் பணிக்குத் தகுதியற்றிருந்தார்?" காயத்தோட இருந்த ஒன்பது நாளை எழுது.

— ஒரு நாளும் இல்லை.

— காயம் பட்டிருந்துதே?

— பட்டிருந்தது. ஒன்பது நாளும் காவலுக்கு நின்னா. மழையில நின்னா. நான்தான் நிறுத்தினேன். நீங்களும்தான், கட்டை முழுசா அவிழ்க்கறதுக்கு முன்னாடி, "ஆறிடுச்சு, இவனை அணிக்கு அனுப்பலாம்"னு சத்தமாச் சொன்னீங்க. எனக்கு வெளியே கேட்டுச்சு. "ஒரு நாளும் இல்லை." எழுதியாச்சு. இது பெரிய எழுத்தாத்தான் வரும் எனக்கு, மன்னிச்சுக்குங்க.

— போச்சு. எல்லாம் போச்சு. என் தலையெழுத்து. "பெண்"ணுன்னு ஒரு வார்த்தை எழுதினதுக்கு நான் தூக்குல தொங்கணுமா?

— டாக்டர், நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— நீ சொல்லாததா இன்னும் பாக்கி?

— இந்த வார்த்தை இருந்தா மாட்டிக்கறது நீங்க. பொய் இருந்தா மாட்டிக்கறது நான். ரெண்டும் இல்லாம எழுதலாம். புதுத் தாள் எடுங்க.

— என்ன எழுதறது?

— என் உடம்பைப் பரிசோதிச்சீங்கதானே? இந்தத் தடவை நிஜமாவே. கண்ணு எப்படி இருந்துது?

— நல்லாத்தான் இருந்துது.

— காது?

— கேக்குது. ரொம்ப நல்லாக் கேக்குது.

— மூச்சு, கை, கால்?

— எருமைக்கு இருக்கற மாதிரி இருக்கு.

— காயம்?

— ஆறிடுச்சு.

— அதை எழுதுங்க. பார்த்ததை மட்டும். நான் ஊனம் இல்லைன்னு ஒரு டாக்டர் கைப்பட எழுதின தாள் ஒண்ணு என்கிட்ட இருக்கணும். அப்புறம் உங்க பல்லு பார்க்கற கதையை நான் சாகற வரைக்கும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன்.

— சத்தியமா?

— சார்ஜெண்ட்டோட மாதா மேல சத்தியமா.

— அந்தப் பழைய தாள்?

— அடுப்புல போடுங்க.

— போட்டாச்சு. ம்... "கவனமாகப் பரிசோதித்தேன். பார்வை, செவி, கை, கால், சுவாசம் யாவும் நன்று. காயம் ஆறிவிட்டது. ஊனம் எதுவும் இல்லை." எப்போ ஏற்பட்டதுங்கற வரியில ஒரு கோடு. கையெழுத்து, தேதி. அப்பாடா. டன்லெவி, உன் வரியை மறுபடியும் போடு.

— போட்டாச்சு. ஒரு நாளும் இல்லை. இந்தத் தடவை எழுத்து கொஞ்சம் சின்னதாவே வந்திருக்கு.

— முடிஞ்சுதா? எல்லாருக்கும் திருப்தியா? வண்டிக்காரன் கத்தறான். ஏம்மா, அந்தக் கவுனை எடு.

— சார்ஜெண்ட், ஒரு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. உங்க வாயால கேக்கணும்.

— எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், தெரியுமில்ல? "லை-மன் மெர்-ரிக்... கவ-னமாகப் பரி-சோதித்தேன்... ஊனம் எதுவும் இல்லை." ம். "இல்லை." டாக்டர், இது கர்னல்கிட்டதானே போகும்?

— போகும். மத்த தாளோட தாளா ஒரு முத்திரை குத்துவாரு. கேட்டுக்கோ, இன்னைக்கு நாப்பது தாள், அவரு எதையும் படிக்க மாட்டாரு.

— படிச்சாருன்னா?

— என்ன படிச்சாருன்னா?

— ஊனம் எதுவும் இல்லைன்னு நீங்க போட்டிருக்கீங்க. ஒரு நாள்கூடச் சுணங்கலைன்னு நான் போட்டிருக்கேன். "அப்புறம் எதுக்குய்யா இந்தச் சிப்பாயைப் படையை விட்டு அனுப்பறீங்க?"ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?

— என்ன சொல்றதா? விளையாடறியா? மெர்ரிக், நீ எங்கே போறே, அணிவரிசைக்கா? அந்தத் துப்பாக்கியைக் கீழே வை! டன்லெவி, அவளைப் பிடி! அவ பொம்பளைய்யா!

— அப்படின்னு இதுல எங்கேயும் எழுதலையே, டாக்டர்.